சகரத்தில் நின்ற குரல்

நான் வேலை பார்க்கும் வீட்டு மனிதருக்கு அவருடைய மச்சான் வைத்த பெயர் ‘மூணு வீசம்’. எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் “முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு, மச்சான்” என்பார். மிச்சம் ஒரு வீசம் என்ன ஆனது என்று கேட்டால் தலையைச் சொறிவார். நானும் இங்கே அவரை அப்படியே குறிப்பிடுகிறேன். கெட்ட மனிதர் இல்லை.

பகலில் ஒரு பெரிய சரக்குக் கிடங்குக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற வேலை. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லும் சாஃப்ட்வேர். அங்கே எல்லாம் நேரத்துக்கு முடிந்துவிடும். கேள்வி கேட்க மேலதிகாரி இருக்கிறாள். வீட்டில் சொந்த ஆசைக்கு எழுதியவைதான் கரை சேராது. மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்த ஒன்று எழுதினார். குடும்பப் படங்களை ஆள்வாரியாகப் பிரிக்க ஒன்று. மச்சானின் சைக்கிள் கடைக்கு ஒன்று. எல்லாமே ஓடும், ஏதோ ஒரு பொத்தானைத் தவிர. அந்தப் பொத்தானுக்கு வரும்போது வேறொரு புது யோசனை வந்து கையைப் பிடித்து இழுத்துவிடும். தொட்டி இன்றும் வழிகிறது.

நான் போனது அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள. வீட்டோடு இருக்கும் நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி எடுத்தவள் நான். வயதாகிவிட்டது, ஆனாலும் ஆளை வலிக்காமல் புரட்டத் தெரியும். அவளுக்கு வந்தது தசைகளை ஒவ்வொன்றாக ஓயவைக்கும் நரம்பு நோய். கை முதலில் தளர்ந்தது, விரல்களில் மட்டும் கொஞ்சம் அசைவு மிஞ்சியது. அடுத்தது நாக்கு என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயால்தான் அவள் இந்த வீட்டையே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மூணு வீசம் அழுதுகொண்டு உட்காரவில்லை. டேப்லெட்டில் கட்டம் கட்டமாக வார்த்தைகள் வரும், அவள் விரலால் தொட்டால் அவளுடைய சொந்தக் குரலே பேசும், அப்படி ஒன்றை எழுதப்போவதாகச் சொன்னார். குரல் நன்றாக இருக்கும்போதே வார்த்தைகளைப் பதிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நல்ல யோசனை. நானே அவரைப் பாராட்டினேன்.

பதிவு தொடங்கியது. எங்கிருந்தோ ஒரு பெரிய சொல்தொகுப்பை இறக்கி, கம்ப்யூட்டர் வரிசைப்படுத்திக் கொடுத்தபடியே அவளிடம் நீட்டினார். அகரவரிசை. தினமும் மாலையில் மைக் முன்னால் உட்கார்ந்து அவள் படிப்பாள். அணில், அத்தை, ஆட்டுக்குட்டி என்று தொடங்கி, நான் முதுகு துடைக்கப் போன ஒரு மாலையில் ககரத்துக்கு வந்திருந்தாள்.

“கரண்டி. கரப்பான். கரும்பலகை.” மைக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பாருங்கக்கா, கரப்பான்பூச்சிக்குக்கூடக் குரல் குடுத்தாச்சு. இவரைத் திட்டறதுக்கு இன்னும் ஒரு வார்த்தை வரல.”

“வரும், வரும். முட்டாள் மகரத்துல இருக்கு” என்றார் அவர். சிரித்தார்கள். நானும்தான்.

சகரம் தொடங்கியதும் பதிவு நின்றது. பதிந்தவற்றில் மின்விசிறி இரைச்சல் கேட்கிறதாம். அதை நீக்கப் போனவர், குரல்களைச் சேர்த்துவைக்கும் முறையே தவறு என்று கண்டுபிடித்தார். “அஸ்திவாரமே சரியில்லக்கா. இடிச்சுட்டுத் திரும்பக் கட்டறேன். இந்தத் தடவை அருமையா வரும்.” அதுவரை அரைகுறையாகவாவது பேசிய டேப்லெட் ஊமையாகிவிட்டது.

“மாளிகை கட்டறேன்னு இருந்த குடிசையையும் பிரிச்சுட்டார்” என்றாள் அவள். அப்போதே அவள் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. “எப்பதான் முடியும்?” என்று நான் அவரிடம் கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வாரங்கள் போயின. அவர் திரையில் கட்டங்களின் நிறம் மாறியது, எழுத்து வடிவம் மாறியது. இந்தப் பக்கம் அவள் நாக்கு கனத்துக்கொண்டே வந்தது. காது பழகிய எனக்கே பாதிதான் புரிந்தது.

ஒரு ஞாயிறு மதியம் நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் அவளிடம் “தண்ணி வேணுமா?” என்று கேட்பது கேட்டது. அவள் ஏதோ சொன்னாள். அடுத்து கேட்டது இருமல். அதற்கடுத்து இருமல்கூட வராத அந்தச் சத்தம். ஓடிப்போய் அவளை முன்னால் சாய்த்து, முதுகில் தட்டி, வாயைத் துடைத்து, மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தேன். உதட்டின் நீலம் மறையக் கொஞ்ச நேரமாயிற்று.

“வேணும்னுதானே சொன்னா?” என்றார் அவர். டம்ளர் இன்னும் கையில் இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். மறுபடியும் சொன்னாள். இந்த முறை நான் உற்றுக் கேட்டேன். வேணாம். குழறுகிற வாயில் வேணுமும் வேணாமும் ஒன்றுதான்.

அவர் ஓடிப்போய் மைக்கை எடுத்துவந்தார். “சொல்லு. இப்பவே பதிஞ்சுக்கறேன். வேணாம், வலிக்குது, போதும், எல்லாத்தையும் சொல்லு.” அவள் சொன்னாள். அவர் போட்டுக் கேட்டார். திரும்பச் சொல்லச் சொன்னார், திரும்பப் போட்டார். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. தண்ணி, நிறுத்து, போதும், மூச்சு, வலிக்குது, வேணாம். ஒரு நோயாளிக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் சகரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் முன்னாலேயே குரல் போய்விட்டது. ஆட்டுக்குட்டி மட்டும் கணீரென்று இருக்கிறது.

“ஒரு வாரம் குடு” என்றார். “பழைய பதிவுலேர்ந்து எழுத்தெழுத்தா வெட்டி ஒட்டி உன் குரல்லயே பண்ணிடறேன். முறை இருக்கு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “தம்பி, நான் ஒருத்தரைக் குளிப்பாட்ட ஆரம்பிச்சா, சோப்பு போட்ட உடம்போட உக்கார வச்சுட்டு நல்ல வாளி வாங்கக் கடைக்குப் போறதில்ல. இருக்கிற வாளியில ஊத்தி முடிப்பேன்.”

அவள் விரலால் என்னைக் காட்டினாள். மூன்று தடவை சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது. “அக்கா... சொல்லட்டும்.”

எனக்குக் கட்டைக்குரல். வேண்டாமென்று சொல்லத்தான் பார்த்தேன், ஆனால் அவளிடம் வாதாட எனக்கு மனமில்லை. அன்று மாலையே மைக் முன்னால் உட்கார்ந்தேன். மூணு வீசம் இடித்துப்போட்ட பழைய அசிங்கமான கட்டங்களையே எடுத்து வைத்தார். மின்விசிறி இரைச்சலோடு அவள் வார்த்தைகள், அதற்குப் பின்னால் என் வார்த்தைகள். தினமும் அவள் கேட்ட ஒரு கட்டத்தைச் சேர்த்து, ஓடுகிறதா என்று பார்த்து, அவள் மடியில் வைத்த பிறகே அவருக்குச் சாப்பாடு. அது அவள் போட்ட சட்டம். நிறத்தை மாற்றக் கை துறுதுறுக்கும் அவருக்கு, அவள் முறைப்பாள், கை நின்றுவிடும்.

மச்சான் வந்து தொட்டுப் பார்த்தார். “இல்லை” என்று தங்கையின் குரல் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போதும்” என்று என் குரல் அதட்டியதும் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். “என்ன மாப்ள, பாதி என் தங்கச்சி, பாதி இந்தம்மாவா?”

“ஆனா முடிஞ்சிருச்சு மச்சான்” என்றார் அவர். குரலில் சந்தோஷம் இல்லை.

இப்போது அவளால் எதுவும் பேச முடியாது. நேற்று நான் போர்வையை உதறிக்கொண்டிருந்தேன். “என்னங்க” என்று டேப்லெட் கூப்பிட்டது. அவள் குரல், பழைய குரல், சுத்தமாக. அவர் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். அடுத்த கட்டத்தைத் தொட்டாள். “வலிக்குது” என்றது என் குரல்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். “எங்க, அக்கா?”

“என்னைப் பார்க்காதீங்க தம்பி. அவளைப் பாருங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தோளுக்கடியில் தலையணை மடங்கிக் கிடந்தது. அவர் குனிந்து அதை மெதுவாக உருவத் தொடங்கினார். என் குரல் மறுபடியும் “வலிக்குது” என்றது. இந்த முறை அவர் திரும்பவில்லை. தலையணை வெளியே வந்த பிறகும் அவள் விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்தது. தலையணையால் வந்த வலி மட்டும் இல்லை போலிருக்கிறது.