சாட்சிக் கையெழுத்துடன் ஒரு பேஸ்பால் படம்

ஒரு மனிதனை அழித்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு மனிதனை நிறுத்த எவ்வளவு ரப்பர் தேவைப்படும்? அரை அங்குலம் போதும் என்று திண்டுக்கல்லில் ஒருவர் சொன்னார். 2001 ஜூன் மாதம், பட்டப்பகலில், பத்திரப்பதிவு அலுவலக வாசலில், நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். அந்த நாலு பேரில் ஒருவருக்கும் அது அக்கிரமம் என்று தோன்றவில்லை. பத்திரம் எழுதும் ஞானராஜுக்கு மட்டும் தோன்றியது. அந்தக் குற்றத்துக்காக இந்த ஊர் அவரை இன்றுவரை 'ஒரு மாதிரியான ஆள்' என்று சொல்லி வருகிறது. இதைப் பொறுத்துக்கொள்வதற்கில்லை. ஆகவே அவரைப் பற்றி முறைப்படி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

இருபது வருடமாக அதே வாசலில், அதே வேப்பமரத்தடியில் அவருடைய மேசை. கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் எழுதுவார். அது பிழைப்பு. படம் வரைவது ஆசை. எழுதிக் கெட்டுப்போன நகல் தாள்களின் பின்பக்கத்தில், கண்ணில் பட்டதையெல்லாம் பென்சிலால் வரைவார். டோக்கனுக்குக் காத்திருந்து தூங்கிப்போனவர்களின் வாய்கள் மட்டும் ஒரு கட்டு இருக்கிறது.

வரைந்ததோடு விட்டாரா என்றால் இல்லை. தொழில் புத்தி. ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கெல்லை எழுதுவார். 'இந்த நாய்க்கு வடக்கே டீக்கடை பெஞ்சு, தெற்கே சைக்கிள் ஸ்டாண்டு, கிழக்கே சாக்கடை, மேற்கே இன்னொரு நாய்.' அதற்கும் கீழே, 'மேற்படி படத்தில் கண்டவை யாவும் நேரில் கண்டபடியே' என்று ஒரு வரி. பிறகு பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவார். சாட்சி விழுந்த பிறகு ஒரு கோடு கூட்ட மாட்டார், ஒரு கோடு குறைக்க மாட்டார். ஊர் சிரித்தது. சிரிக்க என்ன இருக்கிறது? அரை சென்ட் நிலத்துக்கு இரண்டு சாட்சி கேட்கிற ஊர் இது. ஒரு முழு நாய்க்குக் கேட்கக் கூடாதா?

அவர் மனைவி ரூபி, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மகள் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு ஆடு வாங்கிவரச் சொல்லி இவரை அய்யலூர்ச் சந்தைக்கு அனுப்பிய துணிச்சல்காரர். இவர் சாயங்காலம் பதினோரு ஆடுகளோடு திரும்பினார். பதினொன்றும் தாளில் இருந்தன.

"ஏங்க, இதுல எத வெட்டி வெஞ்சனம் வைக்கிறது?"

"அந்த மூணாவது கெடா நல்லா வந்திருக்குல்ல?"

"வந்திருக்கு. வேகணும்ல."

விருந்து முட்டைக் குழம்போடு நடந்தது. முட்டையைத் தின்றுவிட்டுப் போனவர்கள் அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். தின்ற முட்டைக்காவது ஒரு விசுவாசம் வேண்டாமா?

ஆண்டுதோறும் மே மாதம் ஊரில் மூன்று நாள் ஓவியப் பட்டறை நடக்கும். ஞானராஜ் முதல் ஆளாகப் போய் நாற்காலி விரிப்பார், கடைசி ஆளாக மடக்கிவைத்துவிட்டு வருவார். அந்த மூன்று நாளும் பத்திரம் எழுத வந்தவர்கள் மரத்தடியில் காத்துக் கிடப்பார்கள். ஒரு வருடம் சென்னையிலிருந்து வந்த ஜிப்பா ஆசிரியர், "எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு, உங்க மனசுக்குள்ள இருக்கிற யானையை வரைங்க" என்றார். நாற்பது பேர் பென்சிலை எடுத்தார்கள். நீல யானை வந்தது, இறக்கை முளைத்த யானை வந்தது. ஞானராஜ் வரைந்த படத்தில், கண்ணை மூடிய முப்பத்தொன்பது பேரும், ஜன்னலோரமாகத் திரும்பி நின்று பன்னீர் சோடா குடிக்கும் ஆசிரியரும் இருந்தார்கள்.

"உங்களுக்குக் கற்பனையே வராதா?" என்றார் ஆசிரியர்.

"வராது சார். இருக்கறத வரைஞ்சு முடிக்கவே நேரம் பத்தல" என்று சொல்லி, சாட்சிக்கு அவரிடமே பேனாவை நீட்டினார். ஆசிரியர் போட்டாரா என்பது இங்கே வேண்டாம். ஞானராஜ் மறு வருடமும் போனார் என்பதுதான் விஷயம்.

அவருடைய இன்னொரு சந்தோஷம் பேஸ்பால்.

பேருந்து நிலையத்தருகே விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த சேவியர், 1997இல் 'குடகனாறு பேஸ்பால் மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கித் தன்னையே செயலாளராகத் தேர்ந்தெடுத்தார். அகரம் பக்கம் ஒரு வறண்ட கண்மாய்தான் மைதானம். ஒன்பது பேருக்கு நாலு கையுறை. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கையுறை கைமாறும். கிரிக்கெட்டைத் தப்பாக ஆடுகிறார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. ஞானராஜுக்கு மட்டும் பார்த்ததும் பிடித்துவிட்டது. சுண்ணாம்பால் போட்ட கோடுகளை எட்டிப் பார்த்தார். பக்கத்துக்குத் தொண்ணூறு அடி. அவர் கண்ணுக்கு அது பதினெட்டரை சென்ட் மனையைச் சாய்த்துவைத்தது போல இருந்தது. நாலு மூலையிலும் எல்லைக்கல் மாதிரி நாலு மெத்தை. அடித்தவன் மூன்று மூலையையும் மிதித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். வில்லங்கமே இல்லாத ஆட்டம். அதிலும் பந்து எறிகிறவன், பஸ்ஸில் ஏறலாமா வேண்டாமா என்று யோசிப்பவனைப் போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு செத்த நேரம் நிற்பான். வரைகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஞாயிறு பூசை முடிந்ததும் மொபெட் நேராகக் கண்மாய்க்குத்தான் போகும்.

2001 மே மாதக் கடைசி ஞாயிறு, ஒட்டன்சத்திரத்து அணியோடு ஆட்டம். நாலுக்கு நாலு என்று சமநிலை, குடகனாறு மட்டை பிடிக்கும் கடைசி முறை. மட்டையோடு வந்தவன் சடையாண்டி. நத்தத்துக்காரன், சந்தையில் ஆடுகளைத் தூக்கி லாரியில் ஏற்றுகிற வேலை, காலில் செருப்பு கிடையாது. அடித்தான். பந்து கரைமேல் நின்ற பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சுற்றி ஓடி வந்து சேர்ந்தான். குடகனாறு ஜெயித்தது.

அதே நேரத்தில் சேவியரின் மச்சினன் ரொனால்டு, அணியிலேயே ஷூவும் தொப்பியும் உள்ள ஒரே வீரன், கருவேல நிழலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான். அவனை ஆட்டத்தில் இறக்கினால் தோற்றுவிடுவோம் என்று சேவியருக்கே தெரியும்.

ஞானராஜ் இரண்டையும் வரைந்தார். வாயைப் பிளந்துகொண்டு பந்தை அடிக்கும் சடையாண்டி நடுவில், வெள்ளரிக்காயோடு ரொனால்டு ஓரத்தில். சாட்சிக்கு முதலில் ஜெய்தூன் பீவியிடம் போனார். கண்மாய்க்கரையில் நன்னாரி சர்பத் விற்பவர். அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"என் பானைக்கு மூடி போடலையே தம்பி."

"மூடி இல்லாமத்தான அக்கா இருந்துச்சு?"

"ஆமா. ஈ விழுந்துருச்சு" என்று ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தார்.

அடுத்து சேவியர், கையில் புளியோதரைப் பொட்டலத்தோடு நின்றார். பத்திர ஆபீஸில் யாருக்குச் சாட்சி தேவை என்றாலும் ஓடி வந்து போடுகிற பரோபகாரி அவர். போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று ஒரு நாளும் பார்த்தவரில்லை. இதற்கும் போட்டார். மன்றத்து முத்திரை சட்டைப் பையில் இருந்ததால் அதையும் குத்தினார். இந்த ஊரில் சாட்சி என்றால் அம்புட்டுத்தான்.

ஆட்டத்தைப் படமெடுக்க ஒரு கல்யாணப் போட்டோக்காரரும் வந்திருந்தார். முப்பத்தாறு தடவை கிளிக்கினார். கேமராவுக்குள் பிலிம் சுருள் மாட்டவே இல்லை என்பது ஸ்டுடியோவில்தான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து மாநில பேஸ்பால் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. மாநில முகாமுக்கு மன்றத்துக்கு ஒருவரை அனுப்பலாம். அவர் ஆடியதற்குப் 'புகைப்படம் அல்லது வேறு தகுந்த ஆதாரம்' இணைக்க வேண்டும். முகாமுக்குப் போனால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீடு. சடையாண்டிக்கு அந்த வருடத்தை விட்டால் வயது தாண்டிவிடும். அதை அவன் ஞானராஜிடம் ஒரே ஒரு தடவை சொன்னான், ஆட்டை இறக்கிவைக்காமலே சொன்னான்.

சேவியர் வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"ஞானராஜு, அந்தப் படத்துல அடிக்கிறவன் மூஞ்சிய மட்டும் நம்ம ரொனால்டா மாத்திரு. அரை அங்குல ரப்பர் வேலை."

"அடிச்சது சடையாண்டிண்ணே."

"யாரு இல்லன்னா? அவன் ஆடு தூக்குறவன்யா. சென்னைக்குப் போயி என்னத்தப் பேசுவான்?"

"அங்க பேச்சுப் போட்டியா வைக்கிறாக?"

"ஏலே, எதுத்து எதுத்துப் பேசாத."

"சாட்சி விழுந்துருச்சுண்ணே. இந்தா பாருங்க, உங்க கையெழுத்து. முத்திரை வேற."

"பாக்காமப் போட்டேன்யா."

"எல்லாரும் பாக்காமத்தான் போடுறாங்க. அதுக்காக வடக்க இருக்குற கெணறு தெக்க வந்துருமா?"

ஞானராஜ் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கையிலிருந்த பென்சில் முனை ஒடிந்திருந்தது. யாருடைய ஓட்டத்தை யார் பேருக்குக் கிரயம் செய்வது? எழுதிக் கொடுக்கச் சடையாண்டி சம்மதித்தானா?

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "ரொனால்டு அடிக்கட்டும்ணே. பாத்து வரைஞ்சு தாரேன்."

மறுநாள் காலை கண்மாயில் கூடினார்கள். எறிகிற வேலை சடையாண்டிக்கே விழுந்தது. அந்தக் கொடுமையையும் இந்த ஊர் கொடுமை என்று எண்ணவில்லை. முப்பது பந்து எறிந்தான். கடைசிப் பத்தை, பாவம் பார்த்து, குழந்தைக்குப் போடுவது போலப் போட்டான். ரொனால்டு சுழன்றான், விழுந்தான், எழுந்தான். மட்டை பந்தின் பக்கத்து ஊருக்குக்கூடப் போகவில்லை.

"மச்சான், வெயில் கண்ணுல அடிக்குது."

"வெயிலாச்சும் அடிக்குதே, நீ எப்ப அடிப்ப?" என்ற சேவியர், ஞானராஜ் பக்கம் திரும்பினார். "போதும், அடிச்சதா வச்சுக்க."

"வச்சுக்கிட்டு வரைய எனக்கு வராதுண்ணே. பட்டறையிலயே சொல்லிட்டாக."

"என்னத்தையாச்சும் வரைஞ்சு குடுய்யா, இன்னைக்கே தபால்ல போகணும்."

வரைந்து நீட்டினார். "இங்க ஒரு சாட்சிண்ணே."

சேவியர் மச்சினனைத் திட்டுவதை நிறுத்தவில்லை. பேனாவைக் கண்டதும் கை தானாகப் போனது. கையெழுத்து. முத்திரை. "பழசக் கிழிச்சுப் போட்டுட்டு, இத நீயே கவர்ல போட்டு அனுப்பிரு."

பழையதை ஞானராஜ் கிழிக்கவில்லை. சாட்சி போட்ட தாளைக் கிழிக்கிறவர் பத்திரம் எழுதி இருபது வருடம் பிழைக்க முடியாது. இரண்டு படத்தையும் ஒரே உறையில் வைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினார். புதுப் படத்தின் நான்கெல்லை இது: 'வடக்கே தொப்பி, தெற்கே மட்டை, கிழக்கே பந்து, மேற்கே பந்தைத் தேடும் ரொனால்டு.'

மூன்று வாரத்தில் பதில் வந்தது. முதல் படத்தில் பந்தை அடித்தவரை அனுப்பவும் என்று ஒரே வரி.

சேவியர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "ஏமாத்திட்டியே ஞானராஜு."

"ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டீக. ஒரு தடவையாச்சும் பாத்திருக்கலாம்லண்ணே?"

அன்றைக்கே மன்றத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. வந்தவர் சேவியர் ஒருவர். ஞானராஜ் இனி மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்த ஆட்டத்தை இந்த ஜில்லாவில் உள்ளபடி பார்த்த ஒரே மனிதரை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே வெள்ளரிக்காய் தின்பவரை வைத்துக்கொண்டார்கள். நீதி விசாரிக்க யாரிடம் போவது?

சடையாண்டி சென்னைக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ள வந்தான். புதுச் செருப்பு போட்டிருந்தான். தூக்க ஆடு இல்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? படத்துல எதுக்கு என் வாயத் தொறந்து போட்டீக?"

"நீ தொறந்துக்கிட்டுத்தான் அப்பு அடிச்ச."

"சென்னையில பாத்து சிரிப்பாகளே."

"சிரிக்கட்டும். பாத்தாத்தான சிரிப்பாக."

அந்த ஞாயிறு பூசை முடிந்து மொபெட் வழக்கம்போலக் கண்மாய்க்கே போனது. மைதானத்துக்குள் போகவில்லை. கரைமேல், சர்பத் பானைக்குப் பக்கத்தில் நின்றது. கரை அரசாங்கத்துடையது, மன்றத்தின் தீர்மானம் அங்கே செல்லாது. ஞானராஜ் தாளை விரித்து ஆட்டத்தை வரைந்தார். கீழே எழுதினார்: 'வரைந்தவருக்கு வடக்கே உள்ளே விடாத மைதானம், தெற்கே பனைமரங்கள், கிழக்கே மொபெட், மேற்கே மூடி போட்ட சர்பத் பானை.'

ஜெய்தூன் பீவி வாங்கி முழுசாகப் பார்த்தார். பிறகு பானையைத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகுதான் கட்டைவிரலை மையில் வைத்தார்.