இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

அரளிப் பூ வாசம் வந்தால் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சாமி முன்னால் நான் திருட்டுத்தனம் செய்தேன். அதனால் ஒரு பெண் செத்துப்போனார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லமாட்டார்... நான் சொல்கிறேன்.

பூக் கட்டிக் கேட்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

என் அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். அவளோ ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவள். ஜி.எஸ்.டி. சாலையைத் தனியாகக் கடக்கமாட்டாள். "அம்மன் சரின்னு சொல்லட்டும், படுத்துக்கறேன். இல்லன்னா என்னை விட்டுடு" என்றாள்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் இருக்கும் சின்ன அம்மன் கோயில்தான் அவளுக்கு எல்லாம். எனக்கு நம்பிக்கை கிடையாது. பொட்டலம் மடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

இரண்டிலும் வெள்ளை அரளியை வைத்து மடித்தேன்.

எடுத்தாள். பிரித்தாள். அழுதாள். மற்றதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து ஏரியில் எறிந்தேன்.

அதன் பிறகு நான் பார்த்தது என் அக்காவைத்தானா? ஊசிக்குத் தானே கையை நீட்டினாள். பக்கத்துக் கட்டிலில் அழுதுகொண்டிருந்தவளுக்குத் தைரியம் சொன்னாள். பிழைத்து வீட்டுக்கு வந்தாள். இன்று அதே சாலையில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கடக்கிறாள். இந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? பூ பொய். அவள் நம்பியது பொய்யில்லையே... எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் இதைச் சொல்ல உங்களிடம் வந்திருக்கமாட்டேன்.

பக்கத்துப் போர்ஷனில் செல்வியக்கா குடியிருந்தார். பெருங்களத்தூரில் பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை. குடித்துவிட்டு வந்து வம்பு செய்கிறவனைக் கரண்டியாலேயே விரட்டுவார். என் அக்காவை எப்போதும் கிண்டல்தான். "இன்னாம்மா, பல்லி கத்துனாலே பஞ்சாங்கம் பாக்குற. நீ எப்டித்தான் பொழைக்கப் போறியோ."

அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. சீக்கிரம் எடுத்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். அப்படிப்பட்டவர் பயந்ததை அன்றுதான் பார்த்தேன். கடை திறக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"உனுக்கு மட்டும் எப்டி அந்த தைரியம் வந்துச்சு? கத்தின்னு நெனச்சாலே எனுக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

"அம்மன்கிட்ட கேட்டேன், சொன்னா. நீயும் கேளு செல்வி. நானே கட்டித் தரேன்" என்றாள் அக்கா.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். பொட்டலத்தை நான் மடிக்கிறேன் என்று கேட்டும் பார்த்தேன். ஆமாம், மறுபடியும் அதையேதான் செய்யப் பார்த்தேன். "நம்பாதவன் கை எதுக்கு? எனக்கு நீ மடிச்சதே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்று அக்கா தள்ளிவிட்டாள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று நேர்மையாக மடித்தாள்.

செல்வியக்கா கையில் சிவப்பு வந்தது.

"இன்னொரு தடவை கேட்டா என்ன?" என்றேன்.

"ஏன், அவ இன்னா செவிடா? ஒரு தபா சொன்னா போதும் தம்பி."

விந்தையைக் கேளுங்கள். அவர் பயம் அன்றோடு போனது. மறுநாள் கடை திறந்தார், பழையபடி எல்லோரையும் வைதார். அக்காவைக் கத்தியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திய அதே தெம்பு, இவரைக் கத்தியே வேண்டாம் என்று நிற்க வைத்தது.

"அக்காவுக்கு அம்மன் சொல்லவில்லை, நான்தான் இரண்டிலும் வெள்ளை வைத்தேன். நீங்கள் டாக்டரிடம் போங்கள்"... செல்வியக்காவிடம் இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. ஏன் சொல்லவில்லை? அக்கா உடைந்துபோவாள் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். என்னைப் பார்க்கும்போது அவள் முகம் மாறிப்போகும், அதை என்னால் தாங்க முடியாது. மீதிப் பாதி அது. இரண்டு பெண்களுக்கும் போய்த் தெம்பு கேட்க ஓர் இடம் இருந்தது. எனக்கு? அந்த வாசலை என் கையாலேயே அடைத்துக்கொண்டேன்.

ஆளே தளர்ந்தபிறகு செல்வியக்கா கோவளத்தில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேதான் இறந்தார். "கஷ்டப்படுத்தாம அவளே கூப்பிட்டுக்கிட்டா" என்று சொல்லி அழுதாள் அக்கா. அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியாது. எப்போதாவது சொல்வேனா... தெரியவில்லை.

செல்வியக்கா மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, தாம்பரத்தில் அவரைக் கோவளம் பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான்தான். ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"இன்னாத்த சொல்லப் போற? ஆஸ்பத்திரிக்குப் போன்னுதானே? மூஞ்ச அப்டி வெச்சிக்காத தம்பி, சகிக்கல."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. கம்பியில் இருந்த என் விரல்களை மெல்ல எடுத்துவிட்டுச் சொன்னார்:

"உங்க அக்காவக் காப்பாத்துனவ, என்ன மட்டும் வுட்டுடுவாளா?"