870 கிராம்

எமில்டா கொன்ஸ்ரன்ரைன் 1982ஆம் ஆண்டு முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். முள்ளிவாய்க்காலில் இறந்த தகப்பனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க ஆறு ஆண்டுகள் அலைந்தவர். நான் ஓய்வுபெற்றபோது எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவறையை அவரிடம்தான் ஒப்படைத்தேன்.

நோயாளி வாட்டை விட்டுப் போனதும், அவரின் விபரம் எழுதிய ரிக்கற்று அந்த அறைக்கு வரும். அதை வாசித்து உரிய குறியீட்டை இடுவது எமில்டாவின் வேலை. ஆயிரம் கிராமுக்குக் குறைந்த நிறையுடன் உயிரோடு பிறந்த குழந்தைக்கு ஒரு குறியீடு உண்டு. இறந்து பிறந்ததற்கு இன்னொன்று.

2023 ஆவணியில் நிரோஜா என்ற பெண் பதிவறைக்கு வந்தார். பரந்தனுக்கு அப்பால் வயல் செய்யும் குடும்பம். மூன்று கிழமைக்கு முன், கர்ப்பத்தின் இருபத்தேழாம் கிழமையில், அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ரிக்கற்றில் 'இறந்து பிறந்தது' என்று இருந்தது. நிறைக்கான கட்டம் வெறுமை. இருபத்தெட்டுக் கிழமைக்கு முன் இறந்து பிறந்தால் பதிவு கிடையாது; உயிரோடு பிறந்தால் உண்டு. நிரோஜா கேட்டது பிள்ளையின் பெயரெழுதிய ஒரு பிறப்புச் சான்றிதழ்.

"அவள் அழுதவள், மிஸ். பூனைக்குட்டி கத்தின மாதிரி. நான் கேட்டனான்."

எமில்டா பிரசவ வாட்டுக்குப் போனார். குழந்தை பிறந்த அன்று பகல் அங்கே அடுத்தடுத்து மூன்று பிரசவங்கள். ரிக்கற்றுகளை வேலைநேர முடிவில் மொத்தமாக எழுதுவது அந்த வாட்டின் வழக்கம். சுதர்சினி என்ற தாதி எழுத உட்கார்ந்தபோது குழந்தை அசைவற்றுக் கிடந்தது; தான் பார்த்ததை எழுதினாள். இப்போது திருத்தினால் விசாரணை வரும் என்று பயந்தாள்.

"இப்ப எழுதினா பிள்ளை திரும்பி வரப்போகுதே, எமில்டாக்கா?"

"வராது. ஆனா வந்துபோனது. அதைத்தான் அவா கேக்கிறா."

எமில்டா வாட்டின் பதிவுக் கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஊசிமருந்துக் கொப்பியில் அந்தத் திகதிக்கு, நிரோஜாவின் பெயருக்கு நேரே, வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: குழந்தைக்கு விற்றமின் கே, பிற்பகல் 2.20. மருந்தின் அளவைக் கணக்கிட நிறையும் குறிக்கப்பட்டிருந்தது. 870 கிராம். இறந்த குழந்தைக்கு யாரும் ஊசி போடுவதில்லை.

அந்த வரியை எழுதியவர் இடமாற்றம் பெற்று வவுனியாவில் இருந்தார். எமில்டா பஸ் ஏறிப் போய்ச் சந்தித்தார். குழந்தை 2.05இலிருந்து 2.45 வரை மூச்செடுத்ததாக அவர் எழுதிக்கொடுத்தார். பிரசவ வாட்டின் டொக்ரர் இரண்டு நாள் யோசித்தபின் திருத்தத்துக்குக் கையெழுத்திட்டார். எமில்டா பழைய குறியீட்டை ஒற்றைக் கோட்டால் வெட்டிப் புதியதை எழுதினார். சுதர்சினிக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அதன்பின் வாட்டில் ஒருவரும் எமில்டாவோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

நிரோஜா மறுபடி வந்தபோது எமில்டா இரண்டு துண்டுகளைக் கொடுத்தார். பதிவாளரிடம் காட்ட, பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே திகதி. நிரோஜா நேரங்களை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு கணக்குப் பார்த்தார்.

"நாப்பது நிமிசம் இருந்திருக்கிறாள், மிஸ். அப்ப ஏன் என்ரை கையிலை தரேல்லை?"

எமில்டா ரிக்கற்றை முதல் தாளிலிருந்து இன்னொருமுறை வாசித்தார்.

"அது எழுதேல்லை, பிள்ளை" என்றார்.