சிவப்பு டிக்

சட்டைக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள் என்பதால் அவளுக்குக் காஜா அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. கையெழுத்தும் காஜா மாதிரியே, ஒரு நூல் பிசகாது. அதனால் சபையின் ஜெப நோட்டு அவளிடம். வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் வேண்டுதல்களை ஒவ்வொன்றாக அவள் உரக்க வாசிப்பாள், எல்லோரும் ஜெபிப்பார்கள். கேட்டது கிடைத்தவர்கள் எழுந்து சாட்சி சொன்னால் அந்த வரிக்குச் சிவப்பு டிக் விழும்.

முதல் வரி அவளுடையது: 'என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வர வேண்டும்.' பக்கவாதம் அவர் வாயைக் கட்டி ஆறு வருஷம். நோட்டு நாலு மாறிவிட்டது, வரி மாறவில்லை. அடுத்தவர் வரிக்கெல்லாம் டிக் போட்டுவிட்டு வந்து, பாத்திரங்களை உடைக்காத குறையாகத் தேய்ப்பாள். நம்பிக்கை இல்லாமல் இல்லை. நம்பிக்கை இருந்ததால்தான் அத்தனை வயிற்றெரிச்சல்.

இந்த நேரத்தில் கொழுந்தனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓரகத்தி போன் செய்தாள்.

"அக்கா, நோட்டுல எழுதிடுங்க. நீங்க வாசிச்சா எனக்கு ஒரு தெம்பு."

"எழுதறேன், எழுதறேன்."

பேனாவை எடுத்தாள். இவளுக்கும் ஒரே மாதத்தில் டிக் விழுந்துவிட்டால்? அதையும் நான்தான் போட வேண்டுமா? நோட்டை மூடிவிட்டாள். மூன்று வெள்ளி கொழுந்தனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நாலாவது வெள்ளி ஓரகத்தி வந்து நின்றாள், முகமெல்லாம் பல்லாக. கொழுந்தன் பேசிவிட்டான். முதல் பேச்சே காப்பியில் சர்க்கரை போதவில்லை என்ற புகார்தானாம். கூட்டமே சிரித்தது. முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்ததே என்று காஜா அக்காவுக்கு நெஞ்சு காந்தியது. வாசிக்காத வேண்டுதல் கேட்ட கடவுளுக்கு, ஆறு வருஷம் தொண்டை கிழிய வாசித்தது கேட்கவில்லையா?

"டிக்க நானே போடறேங்க்கா" என்று ஓரகத்தி நோட்டை வாங்கினாள்.

ஓரகத்தி புரட்டினாள், திரும்பவும் புரட்டினாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு நீலப் பேனாவால் எதையோ எழுதி, "ஆச்சு" என்றாள், எல்லோருக்கும் கேட்க.

வீட்டுக்கு வந்து பிரித்தால், கோணல் எழுத்தில் கடைசி வரி: 'அக்காவுக்கு மனசு ஆறணும்.'

கிழித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. நாற்காலியில் இருந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் வாசிச்சாத்தான் ஆண்டவருக்குக் கேக்கும்னு நெனச்சிருக்கேன் பாருங்க. வாசிக்காததே கேட்டிருக்கு. அப்ப நம்மளுதும் கேட்டிருக்கும்தானே?"

அவர் இடது கையை அவள் கைமேல் வைத்தார்.

அடுத்த வெள்ளி வழக்கம்போல் முதல் வரியிலிருந்து வாசித்தாள். கடைசி வரியையும் விடவில்லை.

"'அக்காவுக்கு மனசு ஆறணும்.' இது எனக்குத்தான். இவளுக்காக நான் எழுதவே இல்ல. பொறாமை."

ஓரகத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"போட்டுடலாமாக்கா?"

"இன்னும் முழுசா ஆறலடி. ஜெபம் பண்ணுங்க" என்று காஜா அக்கா தலையைக் குனிந்தாள்.