இருமல் இல்லாத கசெட்

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்துக்கு யாரும் வெள்ளை பூசியதில்லை. பாலாவிச் சந்தியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தால் போதும், சிமெந்து லொறிகள் பூசிவிடும். கொடியில் கிடந்த சட்டை மழையில் நனைந்து திரும்பக் காய்ந்தால், போடுவதற்கு முன் தூணில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். காற்று வீசுகிற நாளில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தலை நரைத்திருக்கும். "இஞ்ச எல்லாரும் கிழவன் கிழவிதான்" என்பார் மாமி. மாமி என்றால் அப்பாவின் அக்கா. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அம்மா இரண்டு வருட ஒப்பந்தத்தில் போயிருந்தார். போனில் கதைக்க வேண்டுமென்றால் புத்தளம் டவுனுக்குப் போக வேண்டும். கடிதமோ, அப்பாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. ஆகவே கசெட். ஊரிலிருந்து யாராவது குவைத்துக்குப் பயணம் என்று தெரிந்தால், முந்திய ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் பதிவு நடக்கும். மேசையில் கசெட் போட்டுப் பதிகிற ரேடியோ, முன்னால் ஒரு கதிரை. சேவலைக் கூடையால் மூடிவிட்டு, லொறிச் சத்தம் அடங்கும் வரை காத்திருப்போம்.

முதலில் மாமி. குவைத் தூரம் என்பதால் அவர் கத்தித்தான் கதைப்பார். "மச்சாள்! சுகமா இருக்கிறீங்களா? இண்டைக்குச் சூடைமீன் சொதி! உங்கட மகள் ஒரு வேலைக்கும் உதவுறாளில்ல!" பின்னாலிருந்து "பொய்" என்று நான் சொன்னதும் அந்தக் கசெட்டில் இருக்கிறது.

பிறகு அப்பா. சிமெந்து ஆலையில் மூட்டை நிரப்பும் இடத்தில் அவருக்கு வேலை. அந்த வருடம் ஒரு இருமல் பிடித்து விடவே இல்லை. தூசு என்றார்கள் சிலர், பீடி என்றார்கள் சிலர். மாமி கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். எதுவோ, நாலு சொல்லைச் சேர்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை. "நான் நல்லா இருக்கிறன்" என்று ரேடியோவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் குனிந்து குனிந்து இருமினார். மாமி ஓடி வந்து நிறுத்தினார்.

"இதக் கேட்டா அவ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருவா, அக்கா," என்றார் அப்பா. "கட்டுற வீடு கூரையில்லாமக் கிடக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "மகள், இஞ்ச வா. எனக்கு இருமல் வாற மாதிரி இருந்தா நான் கையத் தூக்குவன். நீ டக்கெண்டு அமத்திப்போடு. அம்மாட்ட மூச்சு விடப்படாது, சரியா?"

"ஓம்" என்றேன். ஒன்பது வயதில் எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அதில் நான் சூரி. அவர் கை உயரும் வரை காத்திருக்க மாட்டேன். கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தாலே போதும், என் விரல் ரேடியோவை நிறுத்துகிற கட்டையில் இருக்கும். டக். அவர் இருமி முடித்து, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துத் தலையாட்டியதும் பதிகிற கட்டைகள் இரண்டையும் சேர்த்து அமத்துவேன். டக். விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். "இவள் பெரிய ஆள்தான்" என்று மாமியே சொன்னார். என் கணக்கு வேறு. அப்பாவின் குரல் நல்லபடியாகப் போனால் அம்மா சந்தோஷப்படுவார், சந்தோஷப்பட்டால் சீக்கிரம் வந்துவிடுவார். அம்மா வர வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அம்மாவின் பதில் கசெட் வந்தபோது மூன்று பேரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். "ரேடியோ பழுது போல கிடக்கு," என்றது அம்மாவின் குரல். "கதைக்குள்ள டக்கு டக்கெண்டு வெட்டுது. அவர்ட குரல ஒழுங்காக் கேக்க ஏலாம இருக்கு. நான் புதுசு ஒண்டு எடுத்து அனுப்புறன்."

மாமி சிரிக்கத் தொடங்கி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலானது. எதுவும் பதிவாகாமல் இருக்கும்போதே நான் பாய்ந்து போய்க் கட்டையை அமத்தினேன்.

புது ரேடியோ, விடுமுறையில் வந்த ஒரு பெண்ணின் பெட்டியோடு வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். நடுவில், பதிவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க ஒரு சின்னப் பொத்தான். அதை அமத்தினால் ஒரு சத்தமும் பதியாது. அம்மா எனக்காகவே தேடி வாங்கியதாக நினைத்து, பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அதற்குள் அப்பா வேலைக்குப் போவதை விட்டு, சிலாபம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். கதிரையில் உட்கார முடியாததால் ரேடியோவைக் கட்டிலுக்குக் கொண்டுபோனோம். ஒரு மூச்சுக்கு ஒரு சொல், சில வேளை அரைச் சொல். நான் விடவில்லை. காலையில் தொடங்கிய பதிவு ஆலையில் மத்தியானச் சங்கு ஊதும் வரை நடந்தது. போட்டுக் கேட்டபோது, ஒரு மனிதர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஆறுதலாகக் கதைப்பது மாதிரி இருந்தது. "கூரை போட்டாச்சு. எனக்கு ஒரு குறையுமில்ல. நீ உன்ர உடம்பப் பாத்துக்கொள்." அப்பா கையை நீட்டி என் தலையைத் தடவினார்.

அம்மாவின் பதில் வந்தது. "இப்பதான் குரல் தெளிவாக் கேக்குது. கேட்டுக் கேட்டு அழுதிட்டன். இஞ்ச இன்னும் ஒரு வருசம் நிக்கச் சொல்லுறாங்க. நீங்க சுகமா இருக்கிறபடியா நான் ஓமெண்டிட்டன்."

அன்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு அவர் இரண்டு மாதம் கூட இருக்கவில்லை.

அம்மா வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆறு நாள். நாங்கள் அனுப்பிய கசெட்டுகளை எல்லாம் ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அடுத்த நாள் காலையில் பழைய கசெட் ஒன்றைப் போட்டு, அப்பாவின் கதிரையில் உட்கார்ந்து கேட்டார். டக் என்ற இடத்தில் தலையைத் தூக்கி, மூலையில் கிடந்த பழைய ரேடியோவைப் பார்த்தார். "பழுதான ரேடியோவ ஏன் இன்னும் எறியாம வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அது பழுதில்ல," என்றேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பெருமை. "அது அப்பா இருமின இடம். நான்தான் நிப்பாட்டினது. ஒண்டையும் விடல்ல."

அடுப்படியில் மாமியின் கை நின்றுவிட்டது. அம்மா கசெட்டைத் திரும்பச் சுற்றி முதலிலிருந்து போட்டார். இந்தத் தடவை சொற்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு டக்குக்கும் ரேடியோவை நிறுத்தினார். அப்பா இருமி முடிக்கிற அளவு நேரம் அப்படியே இருந்துவிட்டு, மறுபடி போட்டார்.

புது ரேடியோவில் பதிந்த கசெட்டை நான் எடுத்து நீட்டினேன். என் வேலையில் ஆகத் திறமானது அதுதான். "இதில ஒரு சத்தமும் இல்லை, அம்மா." அவர் அதை வாங்கி, கேட்காமலே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. நான் அவ்வளவு பாடுபட்டதை ஒரு தரம் போட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்று, அன்று முழுக்க அம்மாவோடு கதைக்காமல் இருந்தேன்.