இடது முழங்கைக்கு ஒரு திண்டு

நீலசந்திராவில் எங்கள் கடைக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில் போதை இலை மெல்லுகிறார்கள் என்று போலீசுக்குப் போன் போட்ட புண்ணியவானே, உங்களைத்தான் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையில் கிடக்கிற மெத்தை, திண்டு எல்லாம் என் கடையில் தைத்தவை. ஆகவே வாயைத் திறக்க எனக்கு உரிமை உண்டு.

மெத்தைக் கடை வைத்தால் ஊரில் யார் எப்படிப் படுக்கிறார்கள், எப்படி உட்காருகிறார்கள் எல்லாம் தெரிந்துவிடும். தூக்கம் மட்டும் நமக்கு வராது. பஞ்சுத் தூசியில் தும்மிப் பிழைக்கும் சக ஜீவன்களே, நீங்களும் கேளுங்கள்.

கல் மாதிரி வேண்டும்

ஹமூத் ஏமன் நாட்டுக்காரர். அங்கிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்வது அவர் தொழில். நீலசந்திராவில் குடியிருந்தே தமிழ் கற்றவர், அதனால் திட்டினால் புரியும். சுவரோரம் சுற்றிப் போட நீள மெத்தைகளும் சின்னச் சின்னத் திண்டுகளும் கேட்டார். பேரம் முற்றி, நான் கோபித்துக்கொண்டு என் கடையை விட்டே வெளியேறினேன். மனுஷன் அசையவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வந்த கிராக்கிக்குத் தலையணை காட்டிக்கொண்டிருக்கிறார். வேறு வழியில்லாமல் இருவர் சொன்னதற்கும் நடுவான ஒரு விலைக்கு முடித்தேன்.

தைத்துக் கொடுத்த மறுநாளே திண்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மெத்தென்று இருக்கிறதாம். முதல்தர இலவம்பஞ்சு அது. மெத்தென்று இருப்பதைக் குறை சொல்ல ஓர் ஆள் பிறந்திருக்கிறானா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் கடைத் தரையில் சாய்ந்து இடது முழங்கையைத் திண்டில் ஊன்றினார். கை புதைந்தது, தலை சரிந்தது. அவர்கள் ஊரில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓர் அறையில் கூடி, இப்படித்தான் சாய்ந்துகொண்டு, காத் என்ற இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மென்று கன்னத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு அடக்கிக்கொண்டு, பொழுது சாயும்வரை பேசுவார்களாம். கல்யாணப் பேச்சு, பங்காளிச் சண்டை, வியாபாரம் எல்லாம் அந்த அறையில்தான் தீருமாம். இங்கே அந்த இலைக்குத் தடை. அதனால் உட்காருவதை மட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள். பஞ்சை உருவிவிட்டுத் தேங்காய் நாரை இடித்து அடைக்கச் சொன்னார்.

"பஞ்சு தூங்குறவனுக்கு, அக்கா. நாங்க பேசுறவங்க."

நுனி

விலை முடிந்தால் வெற்றிலை பாக்கு கொடுப்பது என் வழக்கம். நார்த் திண்டு வாங்க வந்த அன்று, வெற்றிலையின் நுனியையும் காம்பையும் கிள்ளிப் போட்டுவிட்டு, சுண்ணாம்பு தடவி மடித்து நீட்டினேன். அவர் மடிப்பைப் பார்க்கவில்லை, நான் கிள்ளிப் போட்டதைப் பார்த்தார். குனிந்து நுனிகளைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, அதில் இளசாக ஒன்றை என் கையிலேயே வைத்தார். காத் இலையில் தளிர்தான் உயர்ந்ததாம். கையில் வந்த நல்ல தளிரைப் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுப்பதுதான் மரியாதையாம். முற்றிய இலை ஆட்டுக்கு.

நாங்கள் ஏன் நுனியைக் கிள்ளுகிறோம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், வந்தது. அவர் சிரித்துக்கொண்டே மடிப்பை வாயில் போட்டார்.

"நல்லதைக் கீழ போட்டுட்டு மிச்சத்தை விருந்தாளிக்குக் குடுக்குறீங்களே, அக்கா."

பேச்சு அடங்கும் நேரம்

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் திண்டு உறை கொடுக்க ஹமூத் வீட்டுக்குப் போனேன். வாசலில் அத்தனை செருப்பு. ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளறையில். ஹமூதின் மனைவி ஆமினா என்னைப் பிடித்து ஜன்னலோரத் திண்டில் சாய்த்துவிட்டாள். இலைக்குப் பதில் புதினாக் கொத்து, சூரியகாந்தி விதை, ஏலக்காய் டீ. கணவனுக்கு ஆபரேஷன் என்று ஊரிலிருந்து வந்த ஒரு பெண் முதலில் அழுதாள். பிறகு ஆளாளுக்குப் பேசியதில் அவளும் சிரித்தாள். நானும் ஒரு மூலையில் தமிழில் கத்திக்கொண்டிருந்தேன்.

வெயில் இறங்கியதும் யாரும் சொல்லாமலே பேச்சு அடங்கியது. எல்லாரும் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள். இலை மென்றால் முதலில் சத்தம், அப்புறம் இந்த மௌனம் வருமாம். இலை இல்லாமலும் உடம்புக்கு அந்த நேரம் பழகிவிட்டது. யாரும் அதட்டாமல் நான் வாயை மூடியதும் அன்றுதான். ஊர் ஞாபகம் வருகிறதா என்று ஆமினாவிடம் கேட்டேன். அவள் அப்பாவின் சம்பாத்தியத்தில் பாதி அந்த இலைக்கே போனதாம்.

"இலை இங்க வரலை, எனக்குச் சந்தோஷம். உக்கார்றது வந்துச்சே, போதும் அக்கா."

தையலைப் பிரித்தார்கள்

நீங்கள் போன் போட்ட வெள்ளிக்கிழமை எனக்கும் போலீசிடமிருந்து போன் வந்தது. திண்டில் என் கடைச் சீட்டு தைத்திருக்குமல்லவா. ஏறிப் போனால், போலீஸ்காரர் ஒருவர் தையலைப் பிரித்துக் கையை விட்டு நாரை இழுத்துக்கொண்டிருக்கிறார். என்னம்மா இது, தலை வைத்தால் மண்டை உடையும் என்றார். தலைக்கில்லை சார், முழங்கைக்கு என்று நான் சாய்ந்தே காட்டினேன். அவரும் ஒருதரம் சாய்ந்து பார்த்தார். புதினாவை முகர்ந்தார், டீ குடித்தார், இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கீழ்மாடியில் இருக்கிற, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்தான் இறங்கிவரவில்லை. போலீஸ் படியேறிய வீடு என்று பேர் வந்துவிட்டதாம், காலி செய்யவேண்டுமாம். அந்தக் கூடம் போனால் அத்தனை பேரும் எங்கே உட்காருவார்கள்? நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். என் பேரம் எதுவும் செல்லாமல் அவர் ஒரே இடத்தில் நின்றார்.

"கம்ப்ளெயின்ட் குடுத்தவர் நம்ம பில்டிங்தான்மா. அவரே வந்து தப்பா நினைச்சிட்டேன்னு சொல்லட்டும், இவங்க இருக்கட்டும்."

ஆகவே புண்ணியவானே, கீழ்மாடிக்குப் போய் வீட்டுக்காரரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, செருப்பை மற்ற செருப்புகளோடு விட்டு மேலே வாருங்கள். உங்கள் இடது முழங்கைக்கு நாரை இறுக்கி ஒரு திண்டு தைத்து வைத்திருக்கிறேன், பேரமே பேசாமல் என் கடையிலிருந்து போகிற முதல் சரக்கு அதுதான்.