தன்னோடு தானே பேரம் பேசியவள்

தங்கமுத்துவிடம் கடகம் வாங்கியவர்கள் வீட்டுக்கு இரண்டு பொருள் கொண்டு போவார்கள். ஒன்று கடகம், மற்றது அவளிடம் வாங்கிய ஏச்சு. இரண்டுமே லேசில் பிய்யாது.

நான் கொழும்புத்துறை யோசப்பின். கயிறு திரித்து விற்கிறவள். மாதா கோயில் பெருநாளோ அம்மன் கோயில் தேரோ, சனம் கூடுகிற இடத்தில் என் கயிறும் இருக்கும். பக்கத்தில் தங்கமுத்துவின் சாக்கும் விரிந்து கிடக்கும். அவள் தென்மராட்சிக்காரி. தகப்பன் இல்லை. தாயும் அவளுமாகப் பனையோலையில் கடகப் பெட்டி, புடைக்கிற சுளகு, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி என்று இழைப்பார்கள். அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் திருவிழாத் திருவிழாவாக வருவாள். வயது இருபத்தாறாகியும் ஒரு சம்பந்தமும் சரிவரவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? வாய்தான், வேறென்ன! கேட்டு வந்த இரண்டு பேரும் அந்த வாய்க்குப் பயந்து வந்த வழியே போய்விட்டார்கள். எனக்கென்றால் அந்த வாயைக் கேட்காத திருவிழா திருவிழாவே இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய கதை இது. உடுவில் பக்கத்து அம்மன் கோயில் திருவிழா. ஒரு நெடிய மனிதன் வந்து கடகம் ஒன்றை எடுத்தான், விலை கேட்டான், அவள் சொன்ன காசை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

தங்கமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் முதலில் சொல்லுகிற விலை பேரம் பேசுவதற்காகச் சொல்லுகிற விலை. மனதில் வேறொரு விலை இருக்கும். பேசிப் பேசி அங்கே இறங்கினால்தான் அவளுக்கு வியாபாரம். எழும்பி ஓடினாள்.

"இஞ்சருங்கோ! சொன்ன விலைக்கு வாங்க உங்களுக்கென்ன விசரோ? கூடச் சொல்லுறாய், குறை எண்டு கேக்கத் தெரியாதோ?"

அவன் சிரித்துக்கொண்டு நின்றான். அவளே அவன் பக்கத்துக்கும் பேசினாள். "இவ்வளவு குறையடி" என்றாள். "ஏலாது, கட்டாது" என்றாள். பிறகு "சரி, போகட்டும்" என்று தன் மடியிலிருந்து மிச்சத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. தன்னோடு தானே பேரம் பேசித் தானே தோற்றவளை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா?

அவன் பெயர் பஞ்சலிங்கம். உடுவிலில் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிறவன். மருதனார்மடச் சந்தையில் அவனுடைய வெங்காயத்தை யார் என்ன விலைக்குக் கேட்டாலும் "சரி, எடுங்கோ" என்பான். ஏமாளி என்று பேர்.

அடுத்த வருடம் அதே திருவிழா. விடியவே தங்கமுத்துவின் தாய்மாமன் ஆழ்வாப்பிள்ளை மூச்சு வாங்க வந்தார்.

"பிள்ளை, பஞ்சலிங்கத்துக்கு உன்னைக் கேட்டிருக்கினம். தாய் நல்லம்மா இண்டைக்கு உன்னைப் பாக்க வாறா. ஊர் வழமைக்குக் கோயில் வீதியிலை பாப்பம் எண்டு சொன்னன். இல்லை, கடையிலை இருக்கேக்கைதான் பாப்பன் எண்டு நிக்கிறா. உன்ரை காலிலை விழுறன், அவ போகுமட்டும் வாயைத் திறவாதை!"

அவர் அப்பால் போனதும் தங்கமுத்து என் கையைப் பிடித்தாள். "யோசப்பின் அக்கா, அந்த மனுசனை எனக்குப் பிடிச்சிருக்கு. உந்தச் சம்பந்தம் தவறக் கூடாது. வாய்க்குப் பூட்டுத்தான்." இப்படிச் சொல்லும்போது அவள் கண் கலங்கியதை நான் முதன்முதலாகக் கண்டேன்.

நல்லம்மா வந்தார். கட்டை உருவம், கூரிய கண். பின்னால் பஞ்சலிங்கம், அவனுக்குப் பின்னால் ஆழ்வாப்பிள்ளை. நல்லம்மா கடகம் ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினார்.

"உதென்ன, அடி தளர்ந்து கிடக்கு. அரை விலைக்குத் தாறியோ?"

அடி இரட்டையாக இழைத்த கடகம்! வேறு நாளென்றால் அதற்கு விழுகிற பதில் கோயில் மணிக்கு மேலாகக் கேட்கும். தங்கமுத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் சொல்லுற விலைக்கே எடுங்கோ அம்மா" என்றாள்.

"அதுக்கும் குறைச்சால்?"

"உங்கடை விருப்பம் அம்மா."

நல்லம்மாவின் முகம் அப்படியே வாடிப்போனது. ஆழ்வாப்பிள்ளை அதைக் கவனிக்காமல், "என்ரை மருமேள் வாயே திறவாள். அடிச்சாலும் அழாத பிள்ளை" என்று பெருமைப்பட்டார். நல்லம்மா காசை வைத்தார். கடகத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சந்தையே நடுங்குற வாய் எண்டாய். இவளும் உன்னைப் போலையடா! ரெண்டு பேருமாய்ச் சேர்ந்தால் வீட்டுக் கூரையையும் சும்மா தூக்கிக் குடுப்பியள். இது சரிவராது, வா."

அட கடவுளே, இந்தப் பெட்டை வாயை மூடி அல்லவா கெட்டாள்! சொல்லலாம் என்று திரும்பினால் தங்கமுத்துவைக் காணவில்லை. அரை விலைக்குக் கடகம் போகிறது என்று கேள்விப்பட்ட சனம் அவளைச் சுற்றி மொய்த்துவிட்டது. பட்டணத்து வியாபாரி ஒருவன் எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

"அந்த அம்மாவுக்குக் குடுத்த விலைக்கு எல்லாத்தையும் கட்டு. சும்மா கிடந்த ஓலைதானே!"

அவ்வளவுதான். பூட்டு உடைந்தது.

"சும்மா கிடந்த ஓலையோ? போய்ப் பனையிலை ஏறி வெட்டிப் பாரும், சும்மா கிடக்குதோ எண்டு! உம்மடை தலைப்பாகையும் சும்மா கிடந்த பஞ்சுதானே, கழட்டித் தாருமன் பாப்பம்! வையும் கடகத்தை!"

வியாபாரி வைத்துவிட்டான். வைக்காமல் என்ன செய்வான்? தங்கமுத்துவுக்கு வந்த கோபம் அதோடு அடங்கவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு நல்லம்மாவுக்குப் பின்னால் ஓடினாள். ஆழ்வாப்பிள்ளை "ஐயோ பிள்ளை, ஐயோ" என்று தலையில் கைவைத்தபடி வீதியிலேயே குந்திவிட்டார்.

"நில்லுங்கோ அம்மா! கலியாணம் நடந்தால் நடக்கட்டும், நடவாட்டில் போகட்டும். என்ரை அம்மா விரல் கிழிய இழைச்ச கடகம் அது. அரை விலைக்கு ஏலாது. ஒண்டில் மிச்சக் காசை வையுங்கோ, இல்லாட்டில் கடகத்தை வையுங்கோ!"

நல்லம்மா திரும்பினார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்ல! இடுப்பில் கையை ஊன்றினார்.

"வித்த பொருளுக்கு விலை கூட்டுறியோ? நான் உனக்கு மாமியாய் வரப்போறவள், தெரியுமோ?"

"தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேறை. மாமிக்கெண்டால் ரெண்டு சதம் குறைப்பன். அதுக்கு மேலை ஒரு சல்லியும் இல்லை!"

"நாலு சதம்!"

"ரெண்டு!"

இரண்டு பேரும் தேர் வடத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். சனம் சாமியைப் பார்ப்பதை விட்டு இவர்களைப் பார்த்தது. கடைசியில் மூன்றில் நின்றது. நல்லம்மா காசைக் கொடுத்துவிட்டுக் கடகத்தை மகன் தலையில் கவிழ்த்தார்.

"இனிமேல் நீ சந்தைக்கு வெங்காயம் சுமந்தால் காணும். விக்கிறது இவள்."

அந்த வருட ஆவணியிலேயே கலியாணம். சீதனம் பேசும்போது நல்லம்மா தங்கமுத்து வீட்டுப் பனங்காணியைக் கேட்டாராம். அடுப்படிக்குள் இருந்தே தங்கமுத்து, "அது அம்மாவின்ரை சீவியம், அதிலை கைவையாதேங்கோ மாமி" என்று குரல் கொடுத்தாளாம். "உந்த வாயைத் தேடித் திரிஞ்சனான். முதல் வெட்டு எனக்கே!" என்று நல்லம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தாராம். ஆழ்வாப்பிள்ளை இந்தக் கதையை இன்றைக்கும் நம்பாதவர் மாதிரித்தான் சொல்லுவார்.

அடுத்த திருவிழாவுக்கு அவர்கள் சோடியாக வந்தார்கள். வெயிலேற, கூட்டம் குறைந்த நேரம். நான்தான் பஞ்சலிங்கத்தைக் கேட்டேன், முதல் வருடம் அவன் ஏன் விலை பேசாமல் வாங்கினான் என்று. அவன் கடகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னான்.

"அதுக்கு முதல் நாளும் வந்து தூரத்திலை நிண்டனான் அக்கா. பேரம் பேசின ஆக்களை இவள் இருந்த இடத்திலையே அனுப்பினாள். ஒரு கிழவர் பேரம் பேசாமல் காசை வைச்சிட்டுப் போனார். உடனை எழும்பிக் கலைச்சுக்கொண்டு ஓடினாள். அதைத்தான் நானும் செய்தனான்."

ஊரே ஏமாளி என்ற மனுசன்! தங்கமுத்து வாயைப் பிளந்தபடி அவனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அப்ப அண்டைக்கு நான் குறைச்ச காசைத் திருப்பித் தாங்கோ!"

அவன் மடியை அவிழ்த்து உடனே கொடுத்தான்.

"கேட்டவுடனை குடுக்கிறதோ? கொஞ்சமாவது பேச வேண்டாமோ?" என்று அதற்கும் ஏசத் தொடங்கினாள்.